தினசரிக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே பைக்: எதை எடுக்கலாம்?

நண்பர்களே, தினமும் வேலைக்குப் போகவும் விடுமுறை கிடைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு தூரமாகக் கிளம்பவும் ஒரே பைக்தான் வாங்கப் போகிறேன், ஹிமாலயன் 450, ஹோண்டா என்எக்ஸ்500 இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியவில்லை. எடை இரண்டுமே 196 கிலோ. ஹிமாலயனின் 21 அங்குல முன்சக்கரம் மோசமான பாதையில் கைகொடுக்கும். என்எக்ஸில் 471 சிசி இரட்டை சிலிண்டர், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டினாலும் அதிர்வு குறைவு, அதனால் என் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நெரிசலில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, 830 மில்லிமீட்டர் இருக்கை உயரத்தில் நுனிக்காலை ஊன்றியே வண்டியைத் தாங்குவது தினசரிக்குச் சரிப்படுமா? இன்ஜின் சூடு காலில் அடிக்குமா? நீண்ட நாளாக வைத்திருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி. அப்புறம், இரண்டும் வேண்டாம், வேறு பாருங்கள் என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.