கூலிங் ஆஃப் பீரியட், லாபியிஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

வாஷிங்டன் செய்திகளைத் தமிழாக்கும்போது அடிக்கடி வரும் வரி இது: "பிரதிநிதிகள் அவையின் போக்குவரத்து, உள்கட்டமைப்புக் குழுவில் பணியாற்றியவர், ஒரு லாபி நிறுவனத்தின் (வாடிக்கையாளருக்காகச் சட்டம் எழுதுபவர்களை அணுகும் நிறுவனம்) போக்குவரத்துக் கொள்கைப் பிரிவில் சேர்ந்தார்." தொடர்ந்து கூலிங் ஆஃப், அதாவது பதவி விலகியவருக்குச் சிறிது காலம் இருக்கும் கட்டுப்பாடு பற்றி ஒரு வரி இருக்கும். கீழே உள்ளவை சரியா?

லாபி நிறுவனம் – தரகு நிறுவனம்
கூலிங் ஆஃப் பீரியட் – குளிர்விப்புக் காலம் / பணியேற்புத் தடைக்காலம்
எய்டு (உறுப்பினரிடமோ குழுவிலோ வேலை செய்பவர்) – உதவியாளர்

---

> குளிர்விப்புக் காலம் / பணியேற்புத் தடைக்காலம்

முதலாவதைப் படித்தால் பால் பண்ணைதான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம், இரண்டாவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் பணியேற்புக்குத் தடையே இல்லை. இன்று குழுவிலிருந்து விலகுபவர் நாளைக் காலை லாபி நிறுவனத்தில் உட்காரலாம், சம்பளமும் வாங்கலாம். ஓராண்டுக்கு அவர் முக்கியமாகச் செய்யக்கூடாதது: அரசின் செயலை மாற்றும் நோக்கத்தோடு பழைய அலுவலகத்தாரை அணுகுவது.

இந்தத் தடையும் எல்லாருக்கும் கிடையாது. அவை உறுப்பினரின் சம்பளத்தில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 2009 முதல் ஆண்டுக்கு 1,74,000 டாலர், ஆகவே வரம்பு 1,30,500. விலகுவதற்கு முந்தைய ஓராண்டில் 60 நாளாவது அந்த அளவில் சம்பளம் பெற்றிருக்க வேண்டும். இளநிலை அலுவலர்கள் பலர் இதில் சிக்குவதே இல்லை.

அவைக்கு அவை வேறுபாடும் உண்டு. செனட்டின் மூத்த அலுவலர் என்றால் செனட் முழுவதையும் அணுகத் தடை. பிரதிநிதிகள் அவையில் உறுப்பினரின் அலுவலகத்தில் இருந்தவருக்கு அந்த அலுவலகம் மட்டும், குழுவில் இருந்தவருக்கு அந்தக் குழு மட்டும். அதனால் பிரதிநிதிகள் அவையின் போக்குவரத்துக் குழுவிலிருந்து போனவர், நெடுஞ்சாலை விவகாரத்துக்காக செனட்டின் சுற்றுச்சூழல், பொதுப்பணிக் குழுவை மறுநாளே சந்திக்கலாம். அறைக்குள் உட்கார்ந்து, யாரிடம் எந்தத் திருத்தத்தைக் கொண்டுபோவது என்று சக ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தடையில்லை. நிறுவனம் அவரை எடுப்பதே பெரும்பாலும் இதற்குத்தான்.

ஆகவே தொடர்புத் தடைக்காலம் என்பேன். எதற்குத் தடை என்பது சொல்லிலேயே தெரிகிறது.

---

தொடர்புத் தடைக்காலத்தை ஏற்கிறேன். ஆனால் இந்தியச் செய்திக்கு அது பொருந்தாது. ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அங்கே கட்டுப்பாடு வேலையின் மீதே. அதற்குப் பணியேற்புக் கட்டுப்பாட்டுக் காலம் என்று தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

> தரகு நிறுவனம்

இது கூடாது. தரகு என்றதும் கமிஷனும் கையூட்டும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் லாபி என்பது 1995 சட்டப்படி பதிவு செய்து நடக்கும் தொழில். ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதிகாரிகளை அணுகி, மூன்று மாதத்தில் அவருக்குச் செலவிடும் பணிநேரத்தில் 20 விழுக்காட்டையாவது இதற்கே கொடுப்பவர் லாபியிஸ்ட். 45 நாளுக்குள் பதிவு, காலாண்டு முடிந்து 20 நாளுக்குள் அறிக்கை, கடந்த 20 ஆண்டுகளில் வகித்த அரசுப் பதவிகள் எவை என்ற விவரம் எல்லாம் தர வேண்டும். ("கிளையன்ட்" என்பதற்குக் "கட்சிக்காரர்" என்பது வக்கீல்கள் வழக்கு. அரசியல் செய்தியில் போட்டால் குழப்பும். "வாடிக்கையாளர்" போதும்.)

பரப்புரை, ஆதரவு திரட்டல் இரண்டும் மக்களை நோக்கியவை. இங்கே பேச்சு நடப்பது சட்டம் எழுதுபவரோடு. வழக்குரைஞர் போல சார்புரைஞர், தொழிலுக்குச் சார்புரை எனலாமா?

---

சார்பு நீதிபதி, சார்பு ஆய்வாளர் என்று நம் ஊரில் "சார்பு" கீழ்நிலையைக் குறிக்கும். சார்புரைஞர் என்றால் இளநிலை வக்கீல் என்று எடுத்துக்கொள்வார்கள். நாளிதழ்களில் "லாபி" வேரூன்றிவிட்டது, அப்படியே விடலாம். பாடநூலுக்கு மட்டும் சார்புரைஞர் இருக்கட்டும்.

"உதவியாளர்" பற்றி யாரும் பேசவில்லையே? நம் காதில் அது தொலைபேசி எடுப்பவர், பை தூக்குபவர். அங்கே குழு அலுவலர்தான் மசோதாவின் வாசகத்தை எழுதுகிறார், மாநிலங்களுக்கு நிதி பிரிக்கும் சூத்திரத்தில் எந்த எண் மாறினால் எந்த மாநிலம் இழக்கும் என்று கணக்குப் போடுகிறார். 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டத்தின் தரைப்போக்குவரத்துத் திட்டங்களுக்கான காலக்கெடு 2026 செப்டம்பர் 30. அப்படி ஒரு கெடு நெருங்கும்போது, முந்தைய சட்டத்தை எழுதியவருக்குச் சந்தையில் விலை ஏறும். குழு அலுவலர் என்றே போடுங்கள். உறுப்பினரின் சொந்த அலுவலகத்தில் இருந்தவரானால் உறுப்பினர் அலுவலகப் பணியாளர். இரண்டையும் கலக்கக் கூடாது, தடையின் எல்லையே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

---

நன்றி. பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

தொடர்புத் தடைக்காலம்: பதவி விலகியவர், தம் பழைய அலுவலகத்தாரைக் குறிப்பிட்ட காலம்வரை பிறருக்காக அணுகக் கூடாது என்னும் விதி. எ-கா: "குழு அலுவலராக இருந்தவர் லாபி நிறுவனத்தில் சேர்ந்தார், பழைய குழுவைப் பொறுத்தவரை அவருக்கு ஓராண்டு தொடர்புத் தடைக்காலம் உண்டு."

செனட்டர்களுக்கு இரண்டு ஆண்டு, பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கு ஓராண்டு என்பதைக் குறிப்பில் தருகிறேன். "ரிவால்விங் டோர்" (அரசுப் பதவிக்கும் லாபி நிறுவனத்துக்கும் மாறி மாறிப் போய்வருவது) இன்னும் பாக்கி. "சுழல்கதவு" வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும்.