பொருள்: அலர்ட் ஆக்‌ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவை, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஓர் அரிசி ஆலைக்காக கணக்கு, இருப்பு, கொள்முதலைக் கவனிக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளின் திரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இடிக்கிறது.

நெல் இருப்பு குறித்த அளவுக்குக் கீழே போனால் கொள்முதல் கோரிக்கை தானே உருவாகி, பொறுப்பாளருக்கு மின்னஞ்சலும் போகிறது. தவணை நாளுக்கு 3 நாள் முன்னால் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் போகிறது. எது நடந்தால், எந்த நிபந்தனையில், யாருக்கு, எந்த வழியில் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், அது பாட்டுக்கு நடக்கும். ஆலையில் இதையெல்லாம் சேர்த்து ‘அலர்ட் ஆக்‌ஷன்’ என்கிறார்கள். மென்பொருளில் முன்பு ‘ஈமெயில் அலர்ட்’ என்று ஒன்று இருந்தது, பிறகு அதை ‘நோட்டிஃபிகேஷன்’ ஆக்கிவிட்டார்கள்.

நான் எழுதியிருப்பது ‘தானியங்கி எச்சரிக்கைச் செயல்’. பொத்தானில் அடங்கவில்லை. அதோடு, பக்கத்திலேயே ‘தானிய இருப்பு’ என்று ஒரு பட்டி இருக்கிறது. ஆலைக் கணக்கர் படித்துவிட்டு, “இது எந்தத் தானியம்?” என்கிறார்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, தானியத்தை விடுங்கள், எச்சரிக்கைதான் எனக்கு நெருடுகிறது. தெலுங்கு ‘ஹெச்சரிக’வின் உறவுச்சொல் அது. அரசரோ சுவாமியோ எழுந்தருளும்போது “எச்சரிக்கை, பராக்கு” என்று கூவுவார்களே, அந்த வழக்கு. அதே வேலைக்கு நம்மிடம் ‘கட்டியம்’ இருக்கிறது. வருவதை முன்கூட்டி உரக்கச் சொல்வதுதானே உங்கள் மென்பொருளின் வேலையும்? ‘கட்டியச்செயல்’ என்று வைத்துப் பாருங்கள்.

வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே (54) ஒதுக்கியிருக்கிறார். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அந்த வேரிலிருந்தும் ஒரு சொல் கிளைக்க இடமிருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

சென்னை, நிரலர்

ஐயா, சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் மன்னனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த அமைச்சன். கொள்முதல் மேலாளருக்கு அந்தப் பெயரில் அஞ்சல் போனால் முதலாளி என்ன நினைப்பார்?

என் கருத்து, ‘அலர்ட்’ என்றே எழுதிவிடலாம். ஆலையில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

மதுரை

தெருக்கூத்தில் கட்டியக்காரன் இல்லாமல் ஆட்டமே தொடங்காது. அவனை மறந்துவிட்டு இவனை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்

தானியக் குழப்பத்துக்கு எங்களிடம் தீர்வு இருக்கு. இங்கே ‘தன்னியக்கம்’ என்றுதான் எழுதுகிறோம். அலர்ட்டுக்குக் கைபேசித் திரைகளிலே ‘விழிப்பூட்டல்’ பழகிவிட்டது. ‘தன்னியக்க விழிப்பூட்டல்’ என்று வைத்தால் என்ன?

கோவை

நல்ல சொல், அம்மா. ஆனால் கோரிக்கையை உருவாக்கும் பகுதி அதற்குள் வரவில்லையே? விழிக்கச் செய்வதோடு நிற்பதில்லை, வேலையையும் செய்துவிடுகிறது.

சென்னை, வானிலை ஆர்வலர்

ஒரு குறுக்கீடு. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ‘அலர்ட்’ என்பது ஆரஞ்சுக்கு உரியது, சிவப்புக்கு ‘வார்னிங்’. நம் செய்திகளிலோ எல்லா மழைக்கும் ‘ரெட் அலர்ட்’. எச்சரிக்கையை வார்னிங்குக்கு ஒதுக்கிவிடுங்கள். 3 நாளில் பணம் கட்டணும் என்று நினைவூட்டுவதை எச்சரிக்கை என்றால் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும்.

திருச்சி, ஆய்வு மாணவர்

கோவை அண்ணா சொல்வது சரி, செயல் என்ற சொல் உள்ளே இருக்க வேண்டும். ‘தூண்டுசெயல்’ எப்படி? ஒரு நிகழ்வு தூண்ட, நடக்கும் செயல். பொத்தானிலும் அடங்கும். ட்ரிகருக்கு, அதாவது செயலைத் தொடக்கிவிடும் நிகழ்வுக்கு, சிலர் சொல்லும் ‘விசை’ வேண்டாம், அது விசைப்பலகைக்குப் போய்விட்டது.

மதுரை

வினைத்தொகையாகக் கொண்டால் தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் செயல் என்று விரியும். அப்படியானால் செயல்தான் தூண்டுகிறது! உங்களுக்கு வேண்டியது தூண்டப்படும் செயல். கர்த்தாவும் கருமமும் தலைகீழாகிவிட்டன.

திருச்சி

குடிநீர், ஐயா? நீரா குடிக்கிறது? குடிக்கப்படும் நீர்தானே. உண்கலத்தில் கலம் கருவி, ஊறுகாயில் காய் எழுவாய். வினைத்தொகை மூன்றுக்கும் இடம் தருகிறது.

மதுரை

குடிநீரை யாரும் தவறாகக் கொள்ள வழியில்லை, நீர் குடிக்காது. செயல் இன்னொரு செயலைத் தூண்டும். தூண்டுகோல், தூண்டில் எல்லாவற்றிலும் தூண்டும் பொருளுக்குத்தான் பெயர். படிப்பவர் காது அந்தப் பக்கம்தான் போகும்.

யாழ்ப்பாணம்

இந்த இடத்தில் ஆசிரியர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனாலும் திரையைப் பார்க்கிற கணக்கர் வினைத்தொகையை விரித்துப் பார்க்கப்போவதில்லை.

சென்னை, நிரலர்

கணக்கர் ‘அலர்ட்’டைத் தேடுவார், கிடைக்காமல் எனக்குப் போன் பண்ணுவார்.

கோவை

நாளை வெள்ளி. கணக்கரிடமே இரண்டையும் காட்டினேன். ‘தூண்டுசெயல்’ என்றதும், “எதைத் தூண்டும்?” என்று கேட்டார் (மதுரை ஐயாவுக்கு ஒரு புள்ளி). எடுத்துக்காட்டோடு சொன்னதும் பிடித்துக்கொண்டார். ‘தன்னியக்க விழிப்பூட்டல்’ வேண்டாம், வாயில் நுழையவில்லை என்றார்.

ஆகவே பட்டியில் ‘தூண்டுசெயல்’ என்று போடுகிறேன். பொத்தானில் ‘அலர்ட் அமை’, நினைவூட்டலுக்கு வெறும் ‘நினைவூட்டல்’. நான்கு பேர் சரி என்றிருக்கிறீர்கள், இருவர் இதோடு விடுங்கள் என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். அதையும் ஆதரவாகவே கொள்கிறேன். அப்புறம், யாரோ ‘தூண்டுச்செயல்’ என்று கோப்பில் திருத்தியிருக்கிறார்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, எடுத்துவிட்டேன்.

மதுரை

ச் விஷயத்தில் உடன்படுகிறேன். சொல்லில் இல்லை. ‘தூண்டுறுசெயல்’ என்றிருந்தால் ஓரெழுத்துதான் கூடியிருக்கும், குழப்பமும் தீர்ந்திருக்கும். அடுத்த பதிப்புக்காவது குறித்துவையுங்கள். பொச்சாவாமை பற்றிய மடல் தனியாக வரும்.