புதுப்பிப்பு: ஆள் வராத ஞாயிறு, டி&டி (டஞ்சன்ஸ் & டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கூடி ஆடும் கதை விளையாட்டு) குழு (கடலூர் – புதுச்சேரி)
‘ஐவரில் ஒருவர் வராவிட்டால் ஆட்டத்தைத் தள்ளிப்போடலாமா?’ என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம். 3 வீரர்கள் இருந்தால் ஆடிவிடுங்கள். வியாழன் இரவுக்குள் வாட்ஸப்பில் பதில் வேண்டும். ‘பார்க்கலாம்’ என்பது வராததற்குச் சமம் (அனேகமாக அப்படித்தான் முடியும்).

பெரிய தப்பு, நடுச்சண்டையில் நிறுத்துவது. அடுத்த வாரம் வராதவருடைய கதாபாத்திரம் அந்தரத்தில் தொங்கும். 4 மணி நேர ஆட்டத்தில் கடைசி 20 நிமிடத்தை ஊருக்கோ முகாமுக்கோ திரும்ப ஒதுக்குங்கள். டி&டியின் 2014 விதிகளில் சண்டையின் கடினக் கணக்கு 3 முதல் 5 பேருக்கானது. இருவரே என்றால் அரக்கர்களைக் குறைக்கணும். வராதவருக்கும் லெவல் ஏற்றிவிடுங்கள், பின்தங்கினால் அடுத்த முறையும் வரமாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்க்காரர்களைப் பஸ் ஏறச் சொல்லாதீர்கள். டிஸ்கார்டு (இணையத்தில் கூடிப் பேசும் செயலி) போதும்.