நான்கு சேனல் ஆம்பில் 2 ஓம் ஊஃபர்: கடைக்காரர் சொல்வதா, கையேடு சொல்வதா?

காவேரிப்பட்டினத்தான்:

வணக்கம். என் காரில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. கையேட்டில் உள்ள கணக்கு இது: 4 ஓமில் சேனலுக்கு 75 வாட், 2 ஓமில் 100 வாட், இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்தால் (ஒரே ஸ்பீக்கருக்காகச் சேர்த்தால்) 4 ஓமில் 200 வாட். முன்னிரண்டு சேனல்கள் கதவு ஸ்பீக்கர்களுக்கு. பின்னிரண்டைப் பிரிட்ஜ் செய்து டிக்கியில் 12 அங்குல ஊஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வைக்க நினைக்கிறேன். ஊஃபரை வாங்கியாகிவிட்டது. இரட்டைக் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம், மொத்தம் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் திறன்), மூடிய பெட்டி. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டபோது, "இரண்டு காயிலையும் பேரலலில் சேர்த்து 2 ஓம் ஆக்கிவிடலாம், ஆம்ப் உள்ளதையெல்லாம் கக்கிவிடும்" என்றார். கையேடோ பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 ஓம் என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

தகடூர்_மின்வினை:

கையேட்டின் பேச்சை.

பிரிட்ஜ் செய்யும்போது ஒரு சேனல் தள்ள, மற்றது இழுக்கிறது. சுமையின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதால் ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது சுமையில் பாதிதான். 4 ஓம் ஊஃபரைப் பிரிட்ஜில் கொடுத்தால் சேனலுக்கு 2 ஓம். உங்கள் கையேட்டிலேயே இது தெரிகிறது: 2 ஓமில் 100 வாட் என்றால் இரண்டு சேனல்களுக்கு 200 வாட், பிரிட்ஜுக்குப் போட்டிருப்பதும் அதே 200. 2 ஓம் ஊஃபரைக் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைச் சுமக்க வேண்டும். அந்த ஆம்பை 1 ஓமுக்குச் செய்திருந்தால் தயாரித்தவரே அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டிருப்பார். வாட் கணக்கைக் குறைத்துச் சொன்ன ஆம்ப் நிறுவனம் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு காயிலையும் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து 8 ஓமாகக் கட்டுங்கள். பிரிட்ஜில் சேனலுக்கு 4 ஓம், 75 வாட், மொத்தம் 150 வாட்.

ஓசூர்_ஒலிவேலை:

இந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறேன் என்பதால் சொல்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஊஃபரில் 4 ஓம் என்று எழுதியிருப்பது பெயருக்குத்தான். பெட்டிக்குள் வைத்து ஓடவிட்டால் இம்பீடன்ஸ் (ஓடும்போது ஆம்புக்குத் தெரியும் ஓம்) ஏறும். அதிர்வெண் ஒத்துப்போகும் இடத்தில் பெயரளவு மதிப்பைப்போலப் பல மடங்கு ஆகும். பாட்டு என்பது நிற்காமல் ஒலிக்கும் சைன் அலை அல்ல. அடி விழும், ஓயும். 2 ஓம் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த வண்டிகள் இந்த ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. 8 ஓமில் ஆம்புக்குச் சத்தம் போதாது. போதாதபோது வாங்கியவர் கெயினை (ஆம்பின் பெருக்க அளவுக் குமிழை) திருகுவார். ஆம்ப் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும், காயில் கருகும். என்னிடம் பழுதுக்கு வரும் ஊஃபர்களில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

தகடூர்_மின்வினை:

இம்பீடன்ஸ் ஏறுவது உண்மை. ஆனால் அது ஒரே இடத்தில் எழும் குன்று. மூடிய பெட்டியில் 12 அங்குல ஊஃபருக்கு அந்தக் குன்று பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். அதைத் தாண்டி 80, 100 என்று போனால் வளைவு இறங்கிக் காயிலின் வெறும் மின்தடைக்கு அருகில் வந்துவிடுகிறது. 4 ஓம் காயிலை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றரைதான் காட்டும். பேரலலில் போட்டால் 1.75. பிரிட்ஜில் சேனலுக்கு 0.9 கூட இல்லை. பாட்டில் டிரம் அடி விழுவது பெரும்பாலும் அந்தக் குன்றின் உச்சியில் அல்ல, அடிவாரத்தில்.

கருகும் கதைக்கு வருவோம். சைன் அலையைக் கடைசிவரை கிளிப் செய்து சதுர அலையாக ஆக்கினாலும், அதே உச்ச மின்னழுத்தத்தில் திறன் இரண்டு மடங்கைத் தாண்டாது. 150 வாட் ஆம்பை எவ்வளவு முரட்டுத்தனமாகத் திருகினாலும் வருவது சுமார் 300. இவருடைய ஊஃபர் தாங்குவதும் 300. ஆக, 8 ஓமில் கட்டினால் காயில் எரிவதற்கு வழியே குறைவு. 2 ஓமில் கட்டி அதே ஆளிடம் அதே கெயின் குமிழைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

ஓசூர்_ஒலிவேலை:

பாதுகாப்புச் சுற்று எதற்கு இருக்கிறது? சூடு ஏறினால் ஆம்ப் தானே அணைந்துவிடும். ஆறியதும் பாடும்.

அரூரான்:

சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டிக்கியில் அது எப்போது ஆறும், எப்போது பாடும்? ஏபி வகைச் சுற்று உள்ள ஆம்ப் என்றால் எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு நெருக்கமாக வெப்பமாகவே போகிறது. ஓமைக் குறைக்கக் குறைக்க அந்தப் பங்கு கூடும். டி வகையில் இந்தத் தொல்லை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தகடூர் ஐயாவிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 8 ஓமில் 150 வாட்தானே வரும்? 200 வாட் ஆம்பை வாங்கியவர் ஏன் 150 வாட்டோடு ஓட்ட வேண்டும்? இரட்டை 2 ஓம் காயில் உள்ள ஊஃபராக மாற்றி, சீரிஸில் 4 ஓமாகக் கட்டினால் முழு 200 வாட்டும் நியாயமாகவே வருமே.

தகடூர்_மின்வினை:

வரும், தம்பி. இப்போது கையிலுள்ள ஊஃபரை இன்னும் வாங்காதவராக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது மாற்றினால் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். 150க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம் 1.25 டெசிபெல். திறனை இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 8 ஓமா 4 ஓமா என்ற இந்தச் சண்டை ஒன்றேகால் டெசிபெல்லுக்காக நடக்கிறது. ஒரு வாட்டுக்கு 86 டெசிபெல் தரும் ஊஃபருக்குப் பதிலாக 89 தருவதை எடுத்திருந்தால், ஒரு கம்பியையும் தொடாமல் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். கடையில் அந்த எண்ணை யாராவது கேட்கிறோமா? வாட் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். அதுவும் பெட்டியில் 1200 என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிடுகிறோம். அது உச்சத் திறனா ஆர்எம்எஸ்ஸா என்று பார்ப்பதில்லை.

பிரிட்ஜே செய்யாமல் ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் சேனலை ஒரு காயிலுக்கும் நான்காம் சேனலை மற்றதற்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒவ்வொன்றும் 4 ஓம், ஒவ்வொன்றும் 75 வாட், மொத்தம் அதே 150. ஒரே நிபந்தனை: இரண்டு சேனல்களுக்கும் ஒரே மோனோ சிக்னல் போக வேண்டும், கெயினும் ஒன்றாக இருக்க வேண்டும், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. ஒரு காயில் மட்டும் தலைகீழானால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கூம்பு அசையாது, சூடு மட்டும் ஏறும்.

காவேரிப்பட்டினத்தான்:

ஒரே காயிலை மட்டும் பிரிட்ஜில் கொடுத்து மற்றதைச் சும்மா விட்டால் 4 ஓம் ஆகிவிடாதா? கடையில் இன்னொருவர் அப்படியும் சொன்னார்.

ஓசூர்_ஒலிவேலை:

அதை மட்டும் செய்யாதீர்கள். இதில் தகடூர்க்காரரும் நானும் ஒரே கட்சி. பாதிக் காயிலில் தாங்கும் வாட்டும் பாதியாகிவிடும், கூம்பைப் பிடித்து நிறுத்தும் காந்தப் பிடியும் தளரும். பேஸ் கொழகொழவென்று வரும்.

பாலக்கோடு_லாரி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆம்புக்குக் கொடுக்கலாமா?

தகடூர்_மின்வினை:

கூடாது. ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். இரண்டும் கெடும். ஆம்ப் இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் 24க்கு 12 வோல்ட் மாற்றியை வாங்குங்கள். மேற்கொண்டு தனித் திரி தொடங்கினால் அங்கே பேசுவோம்.

அரூரான்:

ஓசூர் அண்ணா, நேராகவே கேட்கிறேன். 2 ஓம் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த ஆம்ப் உத்தரவாதக் காலத்துக்குள் போனால், கையேட்டை மீறிக் கட்டியதாக எழுதிக்கொடுப்பீர்களா?

ஓசூர்_ஒலிவேலை:

வம்புக்கு இழுக்காதீர்கள், தம்பி. வாடிக்கையாளர் கேட்பது சத்தம். பெங்களூரில் ஒருவர் வண்டியைக் கேட்டுவிட்டு வந்து அதே மாதிரி வேண்டும் என்கிறார். அந்த வண்டியில் 1 ஓம் மோனோபிளாக் (ஒற்றைச் சேனல் ஆம்ப்) இருக்கிறது, இவரிடம் நான்கு சேனல் இருக்கிறது. மோனோபிளாக் வாங்கச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு எழுந்துபோகிறார். இருப்பதை வைத்துச் செய்துகொடுக்கிறேன்.

தகடூர்_மின்வினை:

அப்படியானால் அவருக்கு வேண்டியது மோனோபிளாக் என்றே சொல்லி அனுப்புங்கள். 1 ஓமுக்கென்றே செய்த ஆம்பில் 1 ஓம் கட்டுவதை நான் ஒருபோதும் குறை சொல்லவில்லை. அப்போதும் கார் தருகிறதா என்று பார்க்க வேண்டும். 80 விழுக்காடு திறமையுள்ள டி வகை ஆம்பில் 1000 வாட் எடுக்க 13.8 வோல்ட்டில் 90 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டரில் பலவும் மொத்தமாகவே அவ்வளவுதான் தரும். அதிலிருந்துதான் ஏசி விசிறியும் விளக்கும் ஓட வேண்டும். தொப்பூர்க் கணவாயில் இரவில் இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கினால் காரணம் வேறு எங்கும் இல்லை.

காவேரிப்பட்டினத்தான்:

சரி, சீரிஸிலேயே கட்டிக்கொள்கிறேன். கெயினை எவ்வளவு வைப்பது?

தகடூர்_மின்வினை:

முதல் காயிலின் மைனஸை இரண்டாம் காயிலின் பிளஸ்ஸோடு சேருங்கள். மிஞ்சும் இரு முனைகளில் மல்டிமீட்டர் சுமார் 7 ஓம் காட்ட வேண்டும். 3.5 காட்டினால் ஏதோ ஒரு காயில் வழியில் இல்லை. 1.75 காட்டினால் கட்டியது பேரலல்.

கெயினுக்கு: 150 வாட்டை 8 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ட். ஊஃபர் கம்பியைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடுங்கள். ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, ஆம்ப் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 34ஐ எட்டும்வரை கெயினைக் கூட்டுங்கள். அதற்கு மேல் தொட வேண்டாம். முதன்மைக் கம்பியில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் ஒரு அளவு தடிமனாக எடுங்கள். அது கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஓசூர்_ஒலிவேலை:

பெட்டியைக் கொண்டுவந்தால் சீரிஸிலேயே கட்டித்தருகிறேன், கூலியும் அதேதான். அடுத்த மாதம் வந்து பேஸ் போதவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காவேரிப்பட்டினத்தான்:

போதவில்லை என்றால் மோனோபிளாக் விலை கேட்கத்தான் வருவேன், அண்ணா. எழுந்துபோக மாட்டேன். இப்போதைக்கு ஃபியூஸைப் பார்க்கிறேன். கடையில் போட்டுக்கொடுத்தது பேட்டரியிலிருந்து வெகுதூரம் தள்ளி, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது.