தனித்தனி சுவிட்ச் இருக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதைப் பாத்து வாங்கணும்?

உறையூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வாடகை வீடு, ஹால்ல டிவி மாட்டியிருக்குற சுவத்துல ஒரே ஒரு 5 ஆம்ப் பிளக் பாயிண்ட், ஓனர் சுவத்துல உளி வைக்கவே விடமாட்டேங்குறாரு. அந்த ஒத்த பாயிண்ட்ல இருந்துதான் 43 இன்ச் டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ஃபைபர் மோடம், அப்பப்ப போன் சார்ஜர் எல்லாம் ஓடணும். இப்ப இருக்குற பாக்ஸ்ல மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச். அம்மாவுக்கு டிவி ஓடாதப்ப அந்த சிவப்பு லைட்டு எரியறதைப் பாத்தாலே ஆகாது, பில்லு ஏறுதுன்னு டக்குனு அமுக்கிடுவாங்க, நான் உள்ள ரூம்ல ஆபீஸ் மீட்டிங்ல பேசிட்டு இருப்பேன் வைஃபை போயிடும், திரும்பப் போட்டா மோடம் லைன் புடிக்க கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள மீட்டிங்கே முடிஞ்சிரும். அதான் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி சுவிட்ச் வச்சதா தேடிட்டு இருக்கேன். ஆன்லைன்ல பாத்தா விலை ஒன்னுக்கொன்னு மூணு நாலு மடங்கு வித்தியாசம், ஆனா எல்லாத்துலயும் சர்ஜ் புரொடக்‌ஷன், ஹெவி டியூட்டின்னு ஒரே மாதிரிதான் எழுதியிருக்கான். எதை நம்பி வாங்குறது? அப்புறம் அயர்ன் பாக்ஸும் சில நேரம் அதுலயே சொருகுவோம், பரவால்லயா?

பீளமேட்டுக்காரன்:
ஏனுங்க, ரெடிமேட் பாக்ஸ் எதுக்கு? தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஒரு போர்டு அடிச்சுக்குங்க. சுவத்துல போடுற அதே மாடுலர் சுவிட்ச்சுங்க, பிளேட்ல ஒரு கட்டம்னா ஒரு மாடுல், சுவிட்ச் ஒரு மாடுல், 5 ஆம்ப் சாக்கெட் ரெண்டு மாடுல், ஆக நாலு செட்டுக்கு 12 மாடுல் பிளேட் ஒன்னு, பின்னாடி ஒரு பிளாஸ்டிக் பாக்ஸ், 1.5 ஸ்கொயர் எம்எம் மூணு கோர் ஒயர், ஒரு நல்ல த்ரீ பின் டாப், அவ்வளவுதானுங்க. சுவிட்ச் ஒன்னு போச்சுன்னா அதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். ரெடிமேட்ல ஒரு சுவிட்ச் போனா முழுசா தூக்கித்தான் எறியணும், அதுவும் பாதி பிராண்டு திறக்கவே முடியாத மாதிரி ஒரு ஸ்க்ரூவைப் போட்டு வச்சிருக்கான். பாக்க அழகா இருக்காது, அது ஒன்னுதான் குறை.

ஃபேஸ்_நியூட்ரல்:
வயரிங் வேலை பாக்குறவன்தான், கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்குங்க. முதல்ல உங்க லோடைப் பாருங்க. டிவி 100 வாட்னு வச்சாலும் செட்டாப் பாக்ஸ், மோடம், சவுண்ட்பார் எல்லாம் சேத்து 200 வாட்டைத் தாண்டாது, அதாவது ஒரு ஆம்ப் கூட இல்ல. இதுக்கு ஹெவி டியூட்டியும் வேணாம் ஒன்னும் வேணாம். அயர்ன் பாக்ஸ்தான் ஆளைக் கொல்லும். 1000 வாட் அயர்ன் நாலு ஆம்புக்கு மேல இழுக்கும், கெட்டில் 1500 வாட்டுன்னா ஆறரை ஆம்ப், இண்டக்‌ஷன் 2000 வாட்ல வச்சா ஒம்போது ஆம்ப் கிட்ட போயிரும். உங்க சுவத்துல இருக்குற 5 ஆம்ப் பாயிண்ட்ல இப்பல்லாம் 6 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கும், 230 வோல்ட்ல கணக்குப் போட்டா மொத்தமே 1380 வாட். பாக்ஸ்ல நாலு சாக்கெட் இருந்தாலும் எட்டு இருந்தாலும் எல்லாத்துக்கும் சேத்து இதான் உச்சவரம்பு, தனித்தனி சுவிட்ச் இருக்குறதால இது ஏறிடாது. அட்டைப்பெட்டி மேல 10 ஆம்ப் 2300 வாட்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு கீழ 6 ஆம்ப் பின் வச்சு விக்கிறான், அதுக்கு என்ன அர்த்தம்னு அவன்தான் சொல்லணும்.

அடுத்தது அந்த ஓவர்லோடு பட்டன், பாக்ஸ் ஓரத்துல சின்னதா கறுப்பா இருக்கும், லோடு ஜாஸ்தியானா வெளிய துள்ளிக்கும். அதுல எத்தனை ஆம்ப்னு பாருங்க. பின் 6 ஆம்ப், பட்டன் 10 ஆம்ப்னா சுவத்து பாயிண்ட் கருகுனதுக்கு அப்புறமும் அது சும்மாதான் உக்காந்திருக்கும்.

ஒயரைக் கையில எடுத்து மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 3 x 0.75, 3 x 1.0, 3 x 1.5 இப்படி இருக்கும், அதாவது உள்ள மூணு ஒயர், ஒவ்வொன்னும் அத்தனை ஸ்கொயர் எம்எம் தடிமன், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694ங்குற நம்பரும் இருக்கணும். ஒன்னுமே எழுதலன்னா தொடவே தொடாதீங்க, உள்ள செம்புப் பூச்சுப் பூசுன அலுமினியமா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு, கத்தியால சுரண்டுனா வெள்ளையா தெரியும். உங்க வேலைக்கு 1.0 போதும். நீளமும் தேவைக்கு மட்டும் எடுங்க, அஞ்சு மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி டிவிக்குப் பின்னாடி போட்டா லோடு ஏறுறப்ப அந்தச் சுருட்டுதான் முதல்ல சூடாகும்.

கடையிலயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். த்ரீ பின் டாப் ஒன்னைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு சாக்கெட்லயும் சொருகி டாப்பைப் பிடிச்சு மேல தூக்குங்க. பாக்ஸும் கூடவே எந்திரிச்சு வந்தா உள்ள பித்தளைப் பிடி நல்லா இருக்கு. பின் மட்டும் வழுக்கிட்டு வந்தா அந்த லூஸ்லதான் ஸ்பார்க் அடிக்கும், கருகல் வாடை வர்றது எல்லாம் அங்க இருந்துதான். எல்லா நாட்டுப் பின்னும் போகும்னு விக்கிற யுனிவர்சல் ஓட்டைல இது ரொம்ப ஜாஸ்தி, நம்ம உருண்டை பின்னை அது கெட்டியா பிடிக்காது. சுவிட்ச்சையும் மெதுவா பாதி வரைக்கும் அமுக்கிப் பாருங்க, நடுவுல நிக்கக்கூடாது, டக்குனு ஒரு பக்கம் விழணும்.

உறையூர்வாசி:
அண்ணே ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கான்னு இருக்கு. ஒரு சந்தேகம், எர்த் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழைய வீடு, மேல அந்தப் பெரிய ஓட்டை என்னவோ இருக்கு, உள்ள ஒயர் வருதான்னு தெரியல.

ஃபேஸ்_நியூட்ரல்:
டெஸ்ட் லாம்ப் வச்சுத்தான் பாக்கணும் தம்பி, நீங்களா பண்ணாதீங்க, தெரிஞ்ச ஆள வச்சுப் பாருங்க. கரண்ட் வர்ற ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல லாம்ப் பிடிச்சா முழு வெளிச்சமா எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியவே இல்லன்னாலோ எர்த் பேருக்குத்தான் இருக்குன்னு அர்த்தம். அவர் வந்திருக்கறப்பவே இன்னொன்னும் கேளுங்க. பாயிண்டுக்கு நேரா நின்னு பாத்தா வலது ஓட்டைலதான் ஃபேஸ் வரணும். மாத்திக் குடுத்திருந்தா, பாக்ஸ்ல இருக்குற சுவிட்ச் பெரும்பாலும் ஒரு லைனை மட்டும்தான் கட் பண்ணும், அது கரண்ட் திரும்பிப் போற நியூட்ரலா போயிடும். லைட்டு அணைஞ்சிரும், ஆனா டிவிக்குள்ள ஃபேஸ் வந்துட்டுதான் இருக்கும். சில பாக்ஸ்ல ரெண்டு லைனையும் சேத்து கட் பண்ற டபுள் போல் சுவிட்ச் வருது, கிடைச்சா அதை எடுங்க.

மின்னல்முருங்கை:
சர்ஜ் புரொடக்‌ஷன் பத்தி யாரும் சொல்லல. அதுக்குள்ள இருக்குறது எம்ஓவின்னு ஒரு வட்டமான வில்லை, வழக்கமா 275 வோல்ட்டுக்குக் குடுத்திருப்பான், கண நேரத்துக்கு வோல்டேஜ் எகிறுனா அதை வாங்கிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு ஒருநாள் செத்துரும், வெளிய இருந்து பாத்தா தெரியாது, புரொடக்‌ஷன் இருக்குன்னு காட்ட தனி இண்டிகேட்டர் இருந்தா மட்டும்தான் தெரியும். நம்ம ஊருல நிஜமா டிவியைக் காலி பண்றது நியூட்ரல் கட் ஆகுறது. காத்தடிச்சு லைன்ல நியூட்ரல் அறுந்துச்சுன்னா 230க்குப் பதிலா 350, 400 வோல்ட்கிட்டக்கூட வீட்டுக்குள்ள வரும், அது கண நேரத்துல போற விஷயமில்ல, ஆள் வந்து சரி பண்ற வரைக்கும் நிக்கும். எம்ஓவி அதைத் தாங்காது, எரிஞ்சு போயிடும். அதுக்கு மெயின்ல ஓவர் வோல்டேஜ் கட் பண்ற ரிலே இல்லன்னா கட் ஆஃப் வச்ச ஸ்டெபிலைசர்தான். அதனால சர்ஜ்ங்குற ஒரு வார்த்தைக்காக ரெண்டு மடங்கு காசு குடுக்காதீங்க, அந்தக் காசை நல்ல சுவிட்ச்சுக்கும் நல்ல ஒயருக்கும் குடுங்க.

குட்டிம்மா_அம்மா:
வீட்ல தவழ்ற குழந்தை இருந்தா ஷட்டர், அதான் சாக்கெட் ஓட்டையை உள்ள இருந்து மூடுற மூடி, இருக்கான்னு பாத்து வாங்குங்க. அதுலயும் ரெண்டு ஓட்டைலயும் ஒண்ணா அழுத்துனாத்தான் திறக்குற மாதிரி இருக்கணும், எங்க வீட்ல இருந்த ஒன்னுல ஒத்த குச்சிய விட்டாலே திறந்துச்சு, அதை அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் லைட்டு வச்ச சுவிட்ச்னா குழந்தைங்க அதைத்தான் போய் அமுக்கும் 😅 பின்னாடி சாவி ஓட்டை மாதிரி ரெண்டு இருக்கும்ல, அதுல மாட்டி சுவத்துல உயரமா வச்சிருங்க, தரையில கிடந்தா வீடு துடைக்கிற தண்ணி வேற.

பில்லுக்கணக்கு:
அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் பத்து பன்னெண்டு வாட் இழுத்துட்டேதான் இருக்கும். 12 வாட்னு வச்சா 60 நாளைக்கு 17 யூனிட். ரெண்டு மாச பில்லுல 500 யூனிட்டை ஒட்டி ஓடுற வீட்டுக்கு அந்தப் பதினேழு பெரிய விஷயம், தாண்டிட்டா கீழ் யூனிட்டுக்கும் ரேட்டே மாறிடும். அதனால செட்டாப் பாக்ஸுக்கும் சவுண்ட்பாருக்கும் தனி சுவிட்ச் வேணும்தான். ஆனா ஓஎல்இடி டிவியா இருந்தா அதை மட்டும் ரிமோட்ல அணைச்ச உடனே சுவிட்ச்ல கட் பண்ணாதீங்க, ஸ்டேண்ட்பைல இருக்கறப்பதான் அது பேனலைச் சரி பண்ணிக்கும். இங்க்ஜெட் பிரிண்டரும் அப்படித்தான், அதோட சொந்த பட்டன்ல அணைச்சிட்டுத்தான் சுவிட்ச்சைத் தொடணும். யூஎஸ்பி ஓட்டை வச்ச பாக்ஸ்னா அதுக்கும் சுவிட்ச் உண்டான்னு கேளுங்க, பாதி மாடல்ல அது எப்பவும் ஆன்லயேதான் கிடக்கும்.

உறையூர்வாசி:
நம்மளுது சாதா எல்இடி டிவிதான். சரி, எலக்ட்ரீஷியன வரச்சொல்லி எர்த்தும் ஃபேஸும் பாத்துட்டு 12 மாடுல் போர்டாவே அடிச்சுக்கலாம்னு இருக்கேன். அயர்ன் இனிமே கிச்சன்ல இருக்குற 15 ஆம்ப் பாயிண்ட்லதான். மோடம் சுவிட்ச்சை மட்டும் அம்மா கை படாம எப்படி வைக்கிறது?

பீளமேட்டுக்காரன்:
மோடத்துக்கு சுவிட்ச்சே வேணாமுங்க. அந்த ஒரு சாக்கெட்டை மட்டும் நேரா லைன்ல குடுக்கச் சொல்லுங்க, சுவிட்ச் வர்ற இடத்துல டம்மி பிளேட் ஒன்னு போட்டா முடிஞ்சுது. எப்பவாச்சும் ரீஸ்டார்ட் பண்ணணும்னா மோடத்துலயே பட்டன் இருக்கும்.

ஃபேஸ்_நியூட்ரல்:
அது சரியா வரும். டம்மிக்குப் பக்கத்துல மோடம்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருங்க, நாளைக்கு வேற யாராச்சும் சுவிட்ச் இல்லாத சாக்கெட்னு தெரியாம அயர்னைச் சொருகிடப் போறாங்க.