வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை? மகள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை

தொட்டியம் வாழை விவசாயி:
வணக்கம். மூன்று ஏக்கரில் பூவனும் கற்பூரவல்லியும் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நேற்று ஒரு பூவன் பழத்தைக் குறுக்கே வெட்டி, நடுவில் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினாள். "அப்பா, இவை விதையாகியிருக்க வேண்டியவை. மகரந்தமும் சூலும் உருவாவதற்கான செல் பிரிவு, அதாவது குன்றல் பகுப்பு, சரியாக நடக்காததால் இப்படியே நின்றுவிட்டன" என்றாள். முப்பது வருடமாகப் பக்கக்கன்று பெயர்த்து நடுகிறேன், இதை யோசித்ததே இல்லை. இலையும் தாரும் இவ்வளவு செழிப்பாக வரும் மரத்தில் இந்த ஒரு பகுப்பு மட்டும் ஏன் தவறுகிறது?

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, உங்கள் மகள் சொன்னது சரி. வகுப்பில் வெங்காயப் பூ மொட்டின் மகரந்தப்பையை நசுக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டுவேன். செல்லுக்குள் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான 16 குரோமோசோம்களும் எட்டு ஜோடிகளாகச் சேர்ந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்த ஜோடி சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒத்த குரோமோசோம்கள் இரண்டும் நெருங்கி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, முதல் பகுப்பில் ஆளுக்கொரு துருவம் போகும். இரண்டாம் பகுப்பில் ஒவ்வொன்றின் இரு நகல்களும் பிரியும். ஒரு செல்லிலிருந்து பாதி எண்ணிக்கை கொண்ட நான்கு செல்கள் கிடைக்கும்.

காட்டுவாழைக்கு 22 குரோமோசோம்கள், அதாவது 11 ஜோடிகள். அதில் கல் போன்ற விதைகள் நிறைய இருக்கும். உங்கள் பூவனுக்கும் கற்பூரவல்லிக்கும் 33. ஒவ்வொரு வகையிலும் மூன்று இருப்பதால் இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போவதாக வைத்துக்கொள்வோம். 11 வகையும் ஒரே மாதிரி பிரிந்து, ஒரு பக்கம் 22, மறுபக்கம் 11 என வந்தால்தான் கணக்கு முழுமையாகும். நாணயத்தை 11 முறை சுண்டி, எல்லாம் ஒரே பக்கமாக விழுவது போன்றது அது. 1024-இல் ஒரு வாய்ப்பு! மற்றவற்றில் எண்ணிக்கை குளறுபடியாகி, மகரந்தமும் சூலும் பெரும்பாலும் வீணாகின்றன.

இலையும் தண்டும் வளரும் சாதாரணப் பகுப்புக்கு ஜோடியே தேவையில்லை. ஒவ்வொரு குரோமோசோமும் தன்னளவில் நகலெடுத்துப் பிரிந்துவிடும். 33 இருந்தாலும் இடைஞ்சல் இல்லை.

திசு வளர்ப்புக் கூடப் பணியாளர்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விதை இல்லாவிட்டால் பல மரங்களில் காயே பிடிக்காது. வாழையில் மகரந்தம் சேராமலே சூலகம் பருத்துப் பழமாகும். இதைக் கருவுறாக்கனி என்பார்கள். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்ததால்தான் நமக்குச் சாப்பிடப் பழம் கிடைக்கிறது. ஆனால் கன்றுகள் எல்லாம் ஒரே அச்சு என்பதால் வாடல் நோய் ஒரு மரத்தைத் தாக்கினால் பக்கத்து மரத்தையும் அதேபோலத் தாக்கும். விதை வழியாகப் புது ரகம் உருவாக்க ஆய்வாளர்கள் படும் பாடு இதனால்தான்.

தொட்டியம் வாழை விவசாயி:
இருவருக்கும் மிக்க நன்றி. போன வருடம் ஒரு கற்பூரவல்லிப் பழத்தில் பல்லில் கல் மாதிரி ஏதோ கடிபட்டது. அது விதையாக இருக்குமா?

தாவரவியல் ஆசிரியை:
இருக்கலாம் ஐயா. வளமான மகரந்தம் வந்து சேர்ந்தால் கற்பூரவல்லி விதை வைப்பதுண்டு. அடுத்த முறை கிடைத்தால் எறிந்துவிடாமல் மகளிடம் கொடுங்கள்.

தொட்டியம் வாழை விவசாயி:
அன்று வரப்பில் துப்பிவிட்டேன் அம்மா. தை மாதம் தார் வெட்டும்போது சீப்புச் சீப்பாகப் பார்க்கிறோம்.