பழைய டிஃபென்டர் 110: எம்ஓடி ரெக்கார்டு வரமாட்டேங்குது, நாளைக்கு முன்பணம் கட்டணும், அவசரம்

மலைப்பாதை22 | இரவு 9.14
வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு லேண்ட்ரோவர் டிஃபென்டர் பார்த்திருக்கேன். இங்கிலாந்திலிருந்து வந்த காடி. "அங்கே வருஷா வருஷம் காடிக்கு நடத்துற எம்ஓடி பரிசோதனையில் பாஸ் ஆனது, இன்டர்நெட்டிலேயே பார்த்துக்கலாம்"னு விற்கிறவர் சொன்னார். அந்த நாட்டு அரசாங்கத் தளத்தில் நம்பரைப் போட்டா அப்படி ஒரு வண்டியே இல்லைன்னு வருது. நாலு தடவை போட்டுட்டேன். வேற எங்கே பார்க்கிறது? காலையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் தர்றதா சொல்லிட்டேன். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செந்தூல்காரன் | 9.21
எந்த நம்பரைப் போட்டீங்க? எந்த வருஷ வண்டி? என்ன இன்ஜின்? ஒன்னுமே சொல்லலையே தம்பி.

கெப்பாலா பத்தாஸ் போமன் | 9.26
இன்ஜின் எதுன்னு முதல்ல சொல்லுங்க. 300டிடிஐ டீசல் இன்ஜின்னா வால்வை ஓட்டுற டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு கேட்கணும். டிடி5ங்கிற அடுத்த மாடல் இன்ஜின்னா செயின், பெல்ட் தொல்லை கிடையாது. ஆனா இன்ஜெக்டர் வயர் வழியா ஆயில் ஏறி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) வரைக்கும் வந்திருக்கும். அதோட சிவப்பு பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கான்னு பாருங்க. பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இன்ஜின்தான் காடி.

பழைய இரும்பு | 9.33
இந்தக் கேள்விக்கு இங்கேயே பல முறை எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: எம்ஓடி இங்கிலாந்து ஏற்பாடு, நம் மலேசியாவில் அது கிடையாது. இங்கே சொந்தக் காருக்கு வருடாந்திரப் பரிசோதனையே கிடையாது. பெயர் மாற்றும்போது பி5 பரிசோதனை, அவ்வளவுதான். அதில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர், இன்ஜின் நம்பர், பிரேக், சஸ்பென்ஷன், புகை, கண்ணாடி டிண்ட் எல்லாம் பார்ப்பார்கள். அது பாஸ் ஆனால் வாங்கலாம். இந்த அடிப்படை தெரியாமல் லேண்ட்ரோவர் வாங்கக் கிளம்புவது தவறு.

மலைப்பாதை22 | 9.41
மன்னிக்கணும், அவசரத்தில் எழுதிட்டேன். கிராண்டில் (காடியோட பதிவுப் பத்திரம்) 1997ன்னு இருக்கு. 300டிடிஐ. மீட்டரில் 131,000 கிலோமீட்டர். நான் போட்டது இப்போ காடியில் இருக்கிற நம்பர்தான், பினாங்கு நம்பர், பி-யில் தொடங்குது.

மிட்லண்ட்ஸ் அக்கா | 9.52
தம்பி, அதனால்தான் வரல. நான் பிறந்தது தைப்பிங், 19 வருஷமா இங்கிலாந்தில் இருக்கேன், இங்கே இப்போ மதியச் சாப்பாட்டு நேரம், அதனால் கொஞ்சம் விவரமாவே எழுதறேன். அந்தத் தளத்துக்கு பினாங்கு நம்பர் தெரியாது. இந்தக் காடி இங்கே ஓடினப்போ என்ன நம்பரோ அதைப் போடணும்.

1997 வண்டின்னா அந்த நம்பர் ஒரு எழுத்து, அப்புறம் இலக்கம், கடைசியில் மூணு எழுத்துன்னு இருக்கும். 1996 ஆகஸ்டிலிருந்து 1997 ஜூலை வரைக்கும் பதிவானது பி-யில் தொடங்கும், அதுக்கப்புறம் ஆர். உங்க பினாங்கு நம்பரும் பி-ங்கிறதால் குழம்பாதீங்க, அமைப்பே வேற.

எங்கே தேடறது? ஜன்னல் கண்ணாடிகளின் கீழ் மூலையைப் பாருங்க. திருட்டுக்குப் பயந்து இங்கே நிறையப் பேர் நம்பரைக் கண்ணாடியிலேயே பொறிச்சு வச்சிருப்பாங்க. ஒரு கண்ணாடியை மாத்தியிருந்தாலும் இன்னொன்னில் இருக்கும். இல்லேன்னா சர்வீஸ் புத்தகம், சாவியில் தொங்குற அட்டை. இந்த ஊர் பதிவுப் பத்திரத்துக்கு வி5சின்னு பேர், அதோட நகல் இருக்கான்னு விற்கிறவரைக் கேளுங்க. பார்க்கிறதுக்குக் காசு கிடையாது. 2005லிருந்துதான் ரெக்கார்டு இருக்கும், அதுக்கு முந்தின வருஷங்கள் இல்லேன்னா சந்தேகப்பட வேண்டாம்.

செந்தூல்காரன் | 9.58
அக்கா சொல்றதோட இதையும் சேர்த்துக்குங்க. காடியை இறக்குமதி பண்ணினதுக்கான சுங்கத்துறை கே1 பாரம் இருக்கான்னு கேளுங்க. கிராண்டில் இருக்கிற சேசிஸ் நம்பரும் காடியில் அடிச்சிருக்கிற நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். சேசிஸோட வலது பக்க ரெயிலில் (நீளமா ஓடுற இரும்புச் சட்டம்), முன் ஸ்பிரிங் கிட்டே இருக்கும். துணியால் துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. இங்கிலாந்துக் காடிக்கு சில சமயம் சேசிஸையே மாத்தியிருப்பாங்க, துரு பிடிக்காம துத்தநாகம் பூசி கல்வனைஸ் பண்ணினது போட்டிருப்பாங்க. ஓட்டுறதுக்கு அது நல்லதுதான். ஆனா நம்பர் சரியில்லேன்னா பி5ல் நிற்கும், பெயர் மாறாது, உங்க காசு நடுத்தெருவில்.

ரிங்லெட் தோட்டம் | 10.05
எதுக்கு இங்கிலாந்துக் காடி? கேமரன் மலைக்கு வாங்க. எங்க அப்பா காலத்து லேண்ட்ரோவர் இன்னும் காய்கறி ஏத்துது. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுறாங்க, அது சேசிஸை அரிச்சிடும். எங்க மலையில் உப்பும் கிடையாது, கடலும் கிடையாது.

பழைய இரும்பு | 10.11
உப்பு உப்பு என்று எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார்கள். கேமரனில் பாதி நாள் மழை, பாதி நாள் பனி. ஈரமும் சேறும் ரெயிலுக்குள்ளே போய் வெளியே வராது. நான் மூன்று கேமரன் வண்டி பிரித்துப் பார்த்தவன். ஒன்றில் இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள பல்க்ஹெட் தடுப்பில் கால் வைக்கும் இடம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

ரிங்லெட் தோட்டம் | 10.14
ஐயா, நீங்க பார்த்தது யாரோ கழுவாம விட்ட காடி. எங்க தோட்டத்தில் வாரம் ஒருக்கா அடியில் தண்ணி அடிச்சுக் கழுவுவோம். காடியைக் குறை சொல்லாதீங்க, ஆளைச் சொல்லுங்க.

கெப்பாலா பத்தாஸ் போமன் | 10.17
ரெண்டும் சரிதான். பாடி அலுமினியம், துரு பிடிக்காது, அதைப் பார்த்து ஏமாந்துடுறாங்க. சேசிஸ் இரும்பு, பல்க்ஹெட்டும் இரும்பு. ஆனா தம்பி, பெல்ட் கேட்டீங்களா இல்லையா?

மலைப்பாதை22 | 10.24
அக்கா!! கிடைச்சிருச்சு. சாயங்காலம் எடுத்த போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன், பின் சைடு கண்ணாடி மூலையில் சின்னதா ஒரு நம்பர். நீங்க சொன்ன மாதிரியே பி, இலக்கம், மூணு எழுத்து. போட்டேன், வந்துருச்சு! 2006லிருந்து 2013 வரைக்கும் இருக்கு. கடைசி மூணு இப்படி:

2011, பாஸ். குறிப்பு: பின்பக்க சேசிஸில் துரு, பலம் இன்னும் குறையவில்லை.
2012, ஃபெயில். பாடி பொருத்தும் இடத்துக்கு 30 சென்டிமீட்டருக்குள் துருவால் பலம் மிகவும் குறைந்திருக்கிறது. ஆறு நாள் கழிச்சு பாஸ்.
2013, பாஸ். குறிப்பு: அடிப்பக்கம் முழுக்க அண்டர்சீல் (துரு தடுக்கும் பூச்சு) பூசியிருக்கிறது. மீட்டர் 118,412.

கடைசியில் பாஸ் ஆயிடுச்சே, அப்போ நல்ல காடிதானே?

பழைய இரும்பு | 10.29
2012 ஃபெயில் மேஜரா மைனரா? அதைப் போடாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

மிட்லண்ட்ஸ் அக்கா | 10.37
ஐயா, மேஜர், மைனர்ங்கிற பிரிவே 2018 மே மாசத்தில்தான் வந்தது. 2012ல் ஃபெயில்னா ஃபெயில்தான்.

தம்பி, நல்லாக் கவனிங்க. அந்த மூணு வருஷத்தையும் தனித்தனியாப் படிக்காதீங்க, வரிசையாப் படிங்க. 2011ல் துரு தெரிஞ்சது. 2012ல் பலமே குறைஞ்சு போச்சு. ஆறே நாளில் தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருக்காங்க. அடுத்த வருஷம் அதே இடத்தை மூடி அண்டர்சீல். சோதனை பண்றவர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது, அது விதி. பூச்சுக்குப் பின்னால் இருக்கிறதை அவர் பார்க்க முடியலைன்னுதான் அந்தக் குறிப்போட அர்த்தம். பாஸ்னா அன்னிக்கு அந்த நேரத்துக்கு மட்டும் பாஸ். அதுக்கப்புறம் அந்தக் காடி உங்க ஊர் ஈரத்தில் எத்தனை வருஷம் நின்னுச்சோ, அதுக்கு எந்த ரெக்கார்டும் இல்லை.

இன்னொன்னு. 118,412ங்கிறது மைல். இங்கே எல்லாமே மைல்தான். கிலோமீட்டரில் அது 190,000க்கு மேல. இப்போ மீட்டரில் 131,000ன்னா அதுவும் மைலாத்தான் இருக்கணும், அப்போ சுமார் 210,000 கிலோமீட்டர் ஓடின காடி. ஸ்பீடோமீட்டர் முகத்தைப் பாருங்க, பெரிய எழுத்து மைலா கிலோமீட்டரான்னு. விற்கிறவருக்கே தெரியாமலும் இருக்கலாம், பொய் சொல்றார்னு எடுத்த எடுப்பில் முடிவு பண்ண வேண்டாம். கேளுங்க.

கெப்பாலா பத்தாஸ் போமன் | 10.44
210,000ன்னா பெல்ட் ரெண்டு தடவையாவது மாத்தியிருக்கணும்! ரசீது கேளுங்க!
காலையில் ஒரு சின்ன சுத்தியலும் மொட்டை ஸ்க்ரூடிரைவரும் எடுத்துட்டுப் போங்க. விற்கிறவர்கிட்ட கேட்டுட்டு, பின் கிராஸ்மெம்பரிலிருந்து (சேசிஸோட குறுக்குச் சட்டம்) ஆரம்பிச்சு ரெயில் நெடுக மெதுவா தட்டிட்டே வாங்க. நல்ல இரும்பு கணீர்னு சொல்லும். சத்தம் மொத்துன்னு மாறுற இடத்தில் நில்லுங்க. தகடு ஒட்டியிருந்தா வெல்டிங் சுத்தி வர விடாம ஓடணும். பொட்டுப் பொட்டா வச்சிருந்தா அது பாஸ் வாங்குறதுக்குப் பண்ணின வேலை.

பழைய இரும்பு | 10.50
இவ்வளவு அலட்டல் தேவையில்லை. பி5 போட்டுப் பாருங்கள், அடிப்பக்கமும் பார்ப்பார்கள்.

செந்தூல்காரன் | 10.53
அண்ணே, பி5ம் அன்னிக்கு ஒரு நாள் பார்க்கிறதுதானே. அக்கா இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னாங்க. முன்பணம் கொடுத்த பிறகு பி5ல் ஃபெயில்னா அதைத் திரும்ப வாங்க அலையப் போறது இந்தத் தம்பிதான்.

ரிங்லெட் தோட்டம் | 11.02
கேமரன் காடி வேணும்னா சொல்லுங்க. அடியை நீங்களே படுத்துப் பார்த்துக்கலாம், பூச்சு கீச்சு எதுவும் கிடையாது.

மிட்லண்ட்ஸ் அக்கா | 11.10
தம்பி, முடிஞ்சா முன்பணத்தை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. சேசிஸ் நம்பர் பார்க்கிறதையும் மறந்துடாதீங்க. போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

செந்தூல்காரன் | மறுநாள் மாலை 6.40
போனீங்களா?

கெப்பாலா பத்தாஸ் போமன் | மறுநாள் இரவு 8.15
பெல்ட் ரசீது இருந்துச்சா?

மலைப்பாதை22 | இரண்டு நாள் கழித்து, காலை 7.05
போனேன். சேசிஸ் நம்பர் சரியா இருந்துச்சு. மீட்டர் மைல்தான், அவருக்கே தெரியல, முகம் வாடிப்போச்சு. பின் கிராஸ்மெம்பரில் வலது ஓரம் மொத்துன்னு கேட்டுச்சு. அவரே ஸ்க்ரூடிரைவரை வாங்கி அழுத்தினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிடுச்சு. முன்பணம் கொடுக்கல. பெல்ட் கேட்க மறந்துட்டேன் அண்ணே. அக்காவுக்கு ரொம்ப நன்றி. வேலைக்குக் கிளம்பணும்.

செந்தூல்காரன் | காலை 7.31
அவர் எவ்வளவு கேட்டார்? சேசிஸ் மாத்துற செலவைக் கழிச்சுத் தருவாரான்னு கேட்டீங்களா? இன்ஜின் நல்லா இருந்தா நானே போய்ப் பார்க்கிறேன்.